பங்குனியின் காலிக் கட்டங்கள்

செம்பொத்தை மேல்வான ஆய்வகத்துக்கு வெளியாள் வருவதே அபூர்வம். வந்தால் ஆடு தேடி வருகிறவர்கள், இல்லையென்றால் மீட்டர் பார்க்க வருகிறவர். அதனால் அன்று காலை பதினொரு மணிக்கு ஒரு பெண் செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, கொதிக்கிற சிமென்டுத் தரையில் வெறுங்காலோடு உள்ளே வந்தபோது, ஆவுடையம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

"ஆவுடையம்மா மேடம்ங்கிறது நீங்கதானா?"

"நான்தான். நீங்க யாரு?"

"சுடலைவடிவு. தும்பி பூதலிங்கம் வீட்டுக்காரி."

அந்தப் பெயர் தெரியாதவர்கள் அப்போது மாவட்டத்திலேயே கிடையாது.

தும்பி என்பது ஆளில்லாமல் பறக்கிற ஆம்புலன்ஸ். அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் இரண்டு வரி நீளம். மலைச்சனங்கள் ஒரே நாளில் அதைத் தும்பி ஆக்கிவிட்டார்கள். ஜீப்பில் மூன்று மணி நேரம் உருண்டு வரவேண்டிய நோயாளியைப் பதினெட்டு நிமிடத்தில் பெரியாஸ்பத்திரி மொட்டை மாடியில் இறக்கும். செயற்கைக்கோள் சொல்கிற வழியில் தானாக வரும், தானாக இறங்கும். மாடியில் ஒருவர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவர் கையருகே 'நிறுத்து' என்ற பொத்தான் ஒன்று இருக்கும்.

பங்குனி உத்திரத்தன்று அங்கே உட்கார்ந்திருந்தவர் பூதலிங்கம். மற்றவர்கள் எல்லோரும் அவரவர் சாஸ்தா கோயிலுக்குப் போயிருந்தார்கள். இந்தப் பக்கம் அன்றைக்கு ஊரே குளத்தங்கரைகளிலும் காட்டுக்கோயில்களிலும்தான் கிடக்கும். பூதலிங்கம் பெண்டாட்டியைப் பொங்கல் பானையோடு அனுப்பிவிட்டுத் தான் டியூட்டிக்கு வந்தார். மாலை ஏழு பன்னிரண்டுக்குத் தும்பி மொட்டை மாடியை விட்டு அறுபது மீட்டர் தள்ளி, மாடி இருக்கிறது என்று நம்பி, வெறும் அந்தரத்தில் இறங்கியது. கீழே மின்கம்பி. உள்ளே பிரசவ வலியோடு மாரிச்செல்வி என்ற பெண், பக்கத்தில் நர்ஸ் சாந்தகுமாரி. இரண்டு பேரும், பிறக்காத பிள்ளையும் போனார்கள். தெருவில் ஆள் இல்லாததால் அதோடு போயிற்று.

"அவுக ஒண்ணே ஒண்ணுதான் சொல்லி விட்டாவ மேடம்," என்றாள் சுடலைவடிவு. "போன பெரட்டாசியில ஒருநா தும்பி சாய்ஞ்சு சாய்ஞ்சு வந்துச்சாம். உங்களுக்குப் போன் போட்டு, மேல ஏதும் கோளாறான்னு கேட்டாவளாம். நீங்க ஒண்ணுமில்லன்னு சொன்னியளாம். அதை மட்டும் விபத்தை விசாரிக்கிற கமிஷன்ல வந்து சொன்னாப் போதும்னாவ. அந்தப் போனுக்கு ரெக்கார்டு கிடையாது. நீங்க சொன்னாத்தான் உண்டு."

"இல்லாட்டி?"

"பத்து வருசம்னு வக்கீல் சொல்லுதாரு." அவள் தன் கையை நீட்டிக் காட்டினாள். "உத்திரத்தன்னைக்கும் தும்பி ஆடிச்சாம். பொத்தான் மேல கை வச்சாவளாம். அந்த மேடமே சுத்தமா இருக்குன்னு சொன்னாவளே, திரையும் பச்சையாத்தானே இருக்குன்னு கையை எடுத்துட்டாவளாம். ராத்திரி தூக்கத்துல அந்தக் கையை அவுகளே அடிச்சுக்கிடுதாவ."

ஆவுடைக்கு அந்தப் போன் நன்றாக ஞாபகம் இருந்தது. ஆபீஸ் வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் ஒரு கையில் பையும் ஒரு கையில் போனுமாக, மேல்வானத்தின் எண் காட்டும் திரையை எட்டிப் பார்த்தாள். ஒன்பது புள்ளி ஆறு, பச்சை. "ஒண்ணுமில்ல தம்பி, வானம் சுத்தமா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடினாள். பக்கத்து அறையில் மேல்வானத்தை அளக்கும் கருவி வரைந்த கோடு இருந்தது. போய்ப் பார்த்துவிட்டு வர இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அந்த இரண்டு நிமிடத்தை அவள் வேனுக்குக் கொடுத்துவிட்டாள்.

"நான் பார்த்துட்டுச் சொல்லுதேன்," என்றாள் ஆவுடை. என்னத்தைப் பார்க்க? நேரே பார்த்து ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

சுடலைவடிவு போனதும் அவள் பின்கட்டு அறையைத் திறந்தாள். முப்பது வருடக் கைப்பதிவேடுகள் அங்கே இருந்தன. செம்பொத்தையில் ஒரு கருவி உண்டு. வானொலி அலையை நேர் மேலே அனுப்பும்; முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் மின்னேறிக் கிடக்கும் காற்றில் பட்டு அது திரும்பி வரும். சாதாரண இரவில் திரும்பி வந்த அலை கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு போடும். கோடு எங்கே முடிகிறதோ அதுதான் அந்த இரவின் எண். சில இரவுகளில் கோடு கோடாக இருக்காது. ஈரத்தாளில் மை பட்டது மாதிரி பரந்து கிடக்கும். அங்கே எண்ணைத் தேடக் கூடாது, எஃப் என்ற எழுத்தைப் போடவேண்டும் என்பது உலகம் முழுக்க இந்தத் தொழிலில் உள்ள பழைய வழக்கம்.

அவள் பங்குனிப் பக்கங்களைப் புரட்டினாள். எஃப், எஃப், எஃப். புரட்டாசியைப் புரட்டினாள். அங்கேயும் அதே. மார்கழியில் பக்கம் பக்கமாக அழகான எண்கள். முப்பது பங்குனிகளின் தொள்ளாயிரம் இரவுகளில் ஐந்நூற்றுப் பன்னிரண்டில் எஃப் இருந்தது. அவள் இரண்டு தடவை எண்ணினாள்.

கம்ப்யூட்டரில் அந்த ஐந்நூற்றுப் பன்னிரண்டும் காலி.

காலியாக விட்ட கை யாருடையது என்று தேட வேண்டியதில்லை. இருபத்தாறு வயதில், ஒப்பந்த வேலைக்காரியாக, இந்தப் பதிவேடுகள் அனைத்தையும் நான்கு மாதத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றியது அவள்தான். அந்தக் கட்டம் எண்ணை மட்டும்தான் வாங்கும். எழுத்தைத் தட்டினால் டொய்ங் என்று கத்தும். யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் வேலை இரண்டு வாரம் தள்ளிப்போகும், வேலை நிரந்தரமாவதும் தள்ளிப்போகும். காலியாக விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். பிழையில்லாத பதிவு என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அது இன்னும் அவள் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது.

கம்ப்யூட்டர் காலியைப் பார்த்தால் சும்மா இருக்குமா? மிச்சமிருந்த அமைதியான இரவுகளின் சராசரியை எடுத்து அங்கே வைத்துக்கொண்டது. பங்குனிக்கும் புரட்டாசிக்கும் ஒன்பது புள்ளி ஆறு; இன்றைக்கும் கோடு பரந்தால் திரையில் அதையே பச்சையாகக் காட்டும். தும்பியைச் செய்தவர்கள் கடலுக்கு அந்தப் புறம், தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்தார்கள். அவர்கள் ஊரில் மார்கழியை ஒட்டிய மாதங்களில்தான், கோடு பரந்து செயற்கைக்கோளும் தடுமாறுகிற இந்த வியாதி. அதனால் கார்த்திகை முதல் மாசி வரை பொழுது சாய்ந்தபின் தும்பி பறக்கக் கூடாது என்று விதி வைத்திருந்தார்கள். இங்கே எப்படி என்று செம்பொத்தையைக் கேட்டார்கள். செம்பொத்தைக் கம்ப்யூட்டர், பங்குனி தங்கம், புரட்டாசி தங்கம் என்று சொல்லிற்று. சரி, நம் நாட்காட்டியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். முதல் நான்கு வருடம் சூரியனும் அடங்கிக் கிடந்தது, ஒன்றும் தெரியவில்லை. போன வருடத்திலிருந்து சூரியன் கொதிக்கத் தொடங்கிற்று, வியாதியும் கூடிற்று.

ஆவுடை எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சொன்ன ஆய்வக இயக்குநர் குற்றாலிங்கம் கெட்டவர் இல்லை. அவர் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"போன் வந்தது ஞாபகமில்லன்னு சொல்லிடுங்க. அந்தக் காலியைப் பத்தி மூச்சு விடாதீங்க. உங்களுக்கு இன்னும் எட்டு வருஷம் சர்வீஸ் இருக்கு."

"பூதலிங்கத்துக்குப் பத்து வருஷம் இருக்காம் சார்."

"நீங்க சொன்னா மட்டும் விட்டுடுவாங்களா?"

"தெரியல. ஆனா நான் சொல்லாட்டி கண்டிப்பா விட மாட்டாங்க."

சித்திரை பத்தாம் தேதி கமிஷனில் சாட்சி சொல்ல ஏறினாள். ஓய்வுபெற்ற நீதிபதி வேதநாயகம் தலைமை. நல்ல மனிதர், வயதானவர், வெயில் தாங்காமல் கைக்குட்டையை நனைத்துக் கழுத்தில் போட்டிருந்தார். சாட்சி சொல்வதை ஒரு எந்திரம் கேட்டுத் தரம்பிரித்து எழுதிக்கொண்டது. பதினான்கு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விடைக்கட்டம்.

போன் வந்ததைச் சொன்னாள். பக்கத்து அறைக்குப் போகாததைச் சொன்னாள். இருபத்தாறு வயதில் செய்ததைச் சொன்னபோது பின்வரிசையில் யாரோ "அடிப்பாவி" என்றார்கள். அது அவள் காதில் தெளிவாகவே விழுந்தது.

"எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்கம்மா," என்றார் வேதநாயகம். "மேலே என்னதான் நடக்குது?"

"பகல் பூரா வெயில் பட்டு மேல் காத்துல மின்சாரம் ஏறிக் கிடக்கும் ஐயா. பொழுது அடைஞ்சா அடங்கணும். சில மாசத்துல அடங்காது. உலைத்தண்ணி மாதிரி கீழேருந்து கொப்புளம் கொப்புளமாக் கிளம்பும். செயற்கைக்கோள் சிக்னல் அதுக்குள்ள மாட்டுனா, தும்பிக்குத் தான் எங்க நிக்கோம்னே தெரியாது."

"அது எல்லா ஊருக்கும் ஒண்ணுதானே?"

"இல்ல ஐயா, அங்கதான் கோளாறே. ஒரு பாயை ரெண்டு பேரு ரெண்டு முனையைப் பிடிச்சு ஒரே நேரத்துல தூக்குனாத்தான் எழும்பும். ஒருத்தர் முந்தி ஒருத்தர் பிந்துனா எழும்பாது. பூமியோட காந்தக்கோடு வடக்க ஒரு முனை, தெக்க ஒரு முனை. ரெண்டு முனையிலயும் ஒரே நேரத்துல இருட்டுற மாசத்துலதான் அது கிளம்பும். நம்ம பக்கம் காந்தக்கோடு நேரா வடக்கு தெக்கா கிடக்கு. அதனால ராப்பகல் சமமா இருக்கிற பங்குனியும் புரட்டாசியும். அவங்க ஊர்ல கோடு சாய்ஞ்சு கிடக்கு, அதனால மார்கழி."

வேதநாயகம் பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ இத்தனை வருஷமா மார்கழி ராத்திரியில தும்பியை நிறுத்தி வச்சோமே?"

"தேவையே இல்ல ஐயா. அந்த மாசத்துல நம்ம வானம் நல்லாத்தான் இருந்தது."

மலையில் அந்த மாதங்களில் தும்பி வராமல் ஜீப்பிலேயே செத்தவர்கள் பதினோரு பேர். அந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும்.

"ஒன்பதாவது கேள்வி," என்றது எந்திரம். "சம்பவத்தன்று இரவு ஏழு பன்னிரண்டுக்கு மேல்வானத்தின் அளவு என்ன?"

"எண் கிடையாது," என்றாள் ஆவுடை.

"அளவு என்ன?"

"அந்த மாதிரி ராத்திரிக்கு எண்ணே கிடையாது. அதைத்தானே இவ்வளவு நேரம் சொல்லுதேன்!"

வேதநாயகம் கையமர்த்தினார். "விடுங்கம்மா. நான் கேட்டுக்கிட்டேன். எல்லாம் பதிவாகும்."

அவர் அதை நம்பித்தான் சொன்னார். அறிக்கை எழுதும் நேரத்தில் அவர் இருதயக்கோளாறு வந்து படுத்துவிட்டார். எந்திரம் தொகுத்ததை அடுத்து வந்தவர் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

ஆவணி நடுவில் அறிக்கை வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஆவுடை தன் பக்கத்தைத் தேடி எடுத்தாள். சாட்சி எண் பதினேழு. அவள் சொன்ன எதுவும் எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்கவில்லை. ஒன்பதாவது கேள்விக்கு விடை காலி. சாட்சியின் மையமான விடை இல்லாததால் சாட்சியம் முழுவதும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை என்று கீழே ஒரு வரி. தும்பி நாட்காட்டியில் மாற்றம் தேவையில்லை என்று கடைசிப் பக்கத்தில் இன்னொரு வரி. அந்த அறிக்கையை வைத்து ஒரே வாரத்தில் வழக்கை முடித்துப் பூதலிங்கத்துக்கு ஏழு வருடம் போட்டார்கள்.

சுடலைவடிவு மறுபடி வந்தாள். இந்தத் தடவை செருப்பைக் கழற்றவில்லை.

"நீங்க சொல்லலையா மேடம்?"

"சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். நீயும் அங்கதான் இருந்தே."

"இருந்தேன். என் காதால கேட்டேன். பின்ன ஏன் அதுல இல்ல?"

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் அந்த ஊரில் ஆவுடைதான். கட்டத்தில் அடங்காததைக் காலியாக விட்டுப் பழகிய கை அவளுடையது. சுடலைவடிவு போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஆவுடை மாலை வேனில் வீட்டுக்குப் போவதில்லை. கருவி அறையிலேயே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு கோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மொட்டை மாடிக்குப் புதிதாக வந்த ரெஜினாவுக்குத் தன் நம்பரைக் கொடுத்து, எந்த நேரமானாலும் கூப்பிடச் சொல்லியிருந்தாள்.

புரட்டாசி ஆறாம் தேதி மாலை ஏழு ஐந்துக்குப் போன் அடித்தது.

"யக்கா, ரெஜினா பேசுதேன். மலையில பேச்சித்தாய்னு ஒரு அம்மா, மிளகுத் தோட்டத்துல வச்சு பாம்பு கடிச்சிட்டு. தும்பி இங்கனருந்து கிளம்பப் போகுது. மேல எப்படி இருக்கு?"

கோடு மூன்று நிமிடத்துக்கு முன்னால் வரை நன்றாக இருந்தது. இப்போது அடிவிளிம்பு ஊதி, ஊதினது உடைந்து, தாள் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது.

"நல்லால்ல. அனுப்பாதே. நிறுத்து."

"எனக்கு ஒன்பது புள்ளி ஆறுன்னு பச்சை காட்டுதே."

"அது பொய். நான் கண்ணால பாத்துக்கிட்டிருக்கேன். நிறுத்து பிள்ளை!"

"நிறுத்தணும்னா அளவுக் கட்டத்துல நாலுக்குக் கீழ நம்பர் போடணும்க்கா. அப்பத்தான் தும்பி கிளம்பாம பூட்டு விழும். சும்மா பொத்தானை அமுக்குனா, பச்சையில ஏன் அமுக்குனேன்னு என்னையத்தான் உள்ள தூக்கிப் போடுவாவ. என்ன நம்பர் போடட்டும்?"

ஆவுடை தாளைப் பார்த்தாள். எத்தனை பார்த்தாலும் அங்கே எண் இல்லை. இருந்தால் அல்லவா வாசிக்க. போனில் பின்னால் தும்பியின் இறக்கைகள் சுழலத் தொடங்கும் சத்தம் கேட்டது.

"மூணு புள்ளி ரெண்டு," என்றாள்.

"மூணு புள்ளி ரெண்டு," என்று ரெஜினா திருப்பிச் சொல்லித் தட்டினாள். இறக்கைச் சத்தம் அடங்கியது.

பேச்சித்தாயை ஜீப்பில் ஏற்றினார்கள். மலைப்பாதையில் முப்பத்தொரு வளைவு. பத்தொன்பதாவது வளைவில் வாயில் நுரை தள்ளி உயிர் போயிற்று.

மறுநாள் ஆவுடை பின்கட்டு அறையிலிருந்து எழுதாத பதிவேடு ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்தாள். இருபத்து நான்கு வருடமாக அங்கே யாரும் கையால் எழுதியதில்லை. முதல் வரியில் நேற்றைய தேதியைப் போட்டு, கட்டத்தில் எஃப் என்று பெரிதாக எழுதினாள். பக்கத்தில் விளக்கம் எழுதினாள்: "இரவு ஏழு ஏழுக்கு மூன்று புள்ளி இரண்டு என்று போனில் சொன்னது நான். அது நான் இட்டுக்கட்டிச் சொன்ன எண். ரெஜினாவுக்கு இதில் குற்றமில்லை." கீழே முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வேலை போகும், பிறகு வழக்கு வரும் என்று அவளுக்குத் தெரியும். பயமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் ஆறரைக்குப் போன் வந்தது.

"யக்கா, அந்தம்மா வீட்டுக்காரர் காலையிலருந்து இங்கனயே உக்காந்திருக்காரு. தும்பி ஏன் வரலன்னு கேக்காரு. வந்திருந்தா விழுந்திருக்கும்னு சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"நிச்சயமா விழுந்திருக்குமான்னு கேக்காரு. என்ன சொல்லட்டும்க்கா?"

பறக்காத தும்பி விழுந்திருக்குமா என்று யாரால் சொல்ல முடியும்? கொப்புளத்துக்குப் பக்கத்திலேயே நல்ல வானமும் இருக்கும். தும்பி அதன் வழியாக வந்து, பூப்போல இறங்கி, பேச்சித்தாய் இந்நேரம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாலும் இருந்திருப்பாள்.

"தெரியாதுன்னு சொல்லு," என்றாள் ஆவுடை. "தெரியாதுன்னு அந்த மேடம் சொன்னாவன்னே சொல்லு. என் பேரையும் சொல்லு."

ரெஜினா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"மலையில இன்னைக்கு ரெண்டு கேஸ் இருக்குக்கா. ஒரு நெஞ்சுவலி, ஒரு பிரசவம். இன்னைக்கு என்ன நம்பர் போடட்டும்?"

வெளியே பொழுது அடைந்துகொண்டிருந்தது. ஆவுடை போனைக் காதில் வைத்தபடியே கருவி அறைக்குப் போனாள். கோடு இன்னும் கோடாகத்தான் இருந்தது. நேற்றும் ஏழு மணி வரை அப்படித்தான் இருந்தது.